வீட்டில் இடமே இல்லையா? வடசென்னை வீடுகளுக்கான அலமாரி, பீரோ, பரண் கேள்வி-பதில்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்து வீடுகள், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை போர்டு குடியிருப்புகள், பெரம்பூர், மாதவரம் அடுக்குமாடி வீடுகள் என எங்கே கேட்டாலும் புகார் ஒன்றுதான்: சாமான் வைக்க இடமில்லை. ஆனால் இந்தப் பகுதியில் எது எங்கே இருக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்வது ஈரம். கடல்காற்று, சுவர் ஓதம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகுதான் இட அளவுக்கே வர வேண்டும். கீழே உள்ள பதில்கள் அந்த வரிசையில் யோசித்து எழுதப்பட்டவை.

எல்லாம் கலைந்து கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரே நாளில் வீடு முழுக்கக் கொட்டாதீர்கள். மாலைக்குள் முடியாமல், கட்டில் மேல் கிடக்கும் குவியலை அப்படியே திரும்ப உள்ளே திணிப்பதில்தான் முடியும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். தட்டைக் காலி செய்து, ஈரத்துணியால் துடைத்து, அரை மணி நேரம் காய விட்டு, அகலம், ஆழம், உயரம் மூன்றையும் இன்ச் டேப்பில் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்ததை மூன்றாகப் பிரியுங்கள்: தினமும் வேண்டியது, மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது, வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பது. முதல் வகை முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுகளுக்கு, இரண்டாவது தோளுக்கு மேலே, மூன்றாவது பரணுக்கு. இந்த மூன்றிலும் சேராமல் கையில் நிற்பதுதான் உண்மையில் இடத்தை அடைப்பது.

டப்பா, கூடை எதையும் இந்த வேலை முடிவதற்கு முன்னால் வாங்க வேண்டாம். பழைய வீட்டுச் சுவர் அலமாரிகள் பல 9 முதல் 12 இன்ச் ஆழம்தான் இருக்கும். கடையில் அழகாக இருக்கிறதென்று வாங்கிய 15 இன்ச் கூடை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கதவு மூடாது.

சுவர் அலமாரியில் துணி அடுக்கினால் சரிந்து விழுகிறதே?

கடப்பா கல் தட்டுகளுக்கு நடுவே பெரும்பாலும் 15 முதல் 18 இன்ச் இடைவெளி விடுகிறார்கள். பாத்திரத்துக்கு அது சரி. மடித்த துணி 9, 10 இன்ச் உயரத்தைத் தாண்டினால் நிற்காது, அடியில் இருப்பதை இழுத்ததும் மொத்தமும் சாயும். தட்டின் பாதி உயரம் வீணாகிறது என்று பொருள்.

இதற்குக் கல்லில் துளை போடக் கூடாது. கடப்பா பாளம்பாளமாகப் பெயரும், விரிசல் விட்டால் ஒட்டவும் முடியாது. தட்டின் மேல் ஒரு குட்டைப் பலகை மேடை வைத்தால் போதும். 36 இன்ச் அகலம், 12 இன்ச் ஆழம், 18 இன்ச் உயரமுள்ள தட்டு என்றால் இப்படி வெட்டச் சொல்லுங்கள்: 12 எம்.எம். ப்ளைவுட்டில் மேல்பலகை 35½ × 11½ இன்ச், கால் பலகைகள் மூன்று, ஒவ்வொன்றும் 8½ × 11 இன்ச். இரண்டு கால் ஓரங்களில், ஒன்று நடுவில். நடுக்கால் இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் பலகை தொய்ந்துவிடும். பழைய வீட்டுச் சுவர்கள் நேர்கோணத்தில் இருக்காது என்பதால் அகலத்தை முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவிலிருந்து அரை இன்ச் கழியுங்கள். ஆணி, சிமெண்ட் எதுவும் தேவையில்லை. வீடு மாறும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

துணியை அலமாரி ஆழத்துக்கு ஒரு இன்ச் குறைவாக மடியுங்கள். மடிப்பு முனை வெளியே தெரியும்படி அடுக்கினால் ஒன்றை மட்டும் உருவ முடியும்.

பீரோ கதவு சரியாக மூடவில்லை. சாவி திருப்பவே போராட்டம். ரிப்பேரா?

பூட்டைப் பிரிப்பதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். இரும்பு பீரோவின் கூடு மெல்லிய தகடு. நான்கு காலில் ஒன்று அந்தரத்தில் நின்றால் கூடு லேசாக முறுக்கிக்கொள்ளும், இரண்டு கதவும் ஒரே மட்டத்தில் சேராது. நேராக நின்று கதவுகளின் மேல் விளிம்பைப் பாருங்கள். எந்தப் பக்கக் கதவு தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து முன்காலுக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். மோசமானால் எதிர்ப்பக்கம் கொடுத்துப் பாருங்கள். முட்டுக்கு மடித்த அட்டை உதவாது, வீடு துடைக்கும் தண்ணீரில் ஊறி அமுங்கிவிடும். ப்ளைவுட் கடையில் கிடைக்கும் மைக்கா துண்டுகள் ஒவ்வொன்றும் சுமார் 1 எம்.எம். தடிமன். ஒன்றொன்றாகச் சொருகி, பூட்டு தானாக விழும் இடத்தில் நிறுத்துங்கள்.

வழக்கமான பெரிய பீரோ 78 × 36 × 19 இன்ச். ஆழம் 19 என்பதால் 17 இன்ச் ஹேங்கர் வரைதான் நிம்மதியாக நிற்கும். அகலமான கோட் ஹேங்கர் மாட்டினால் தோள்பகுதி கதவில் இடிக்கும். கதவு மூடாததற்குச் சில வீடுகளில் இதுதான் காரணம்.

பீரோ அடியில் துரு ஏறிக்கொண்டே வருகிறது. நிறுத்த முடியுமா?

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் முழுக்க நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். உப்புக் காற்று ஒரு காரணம், தினமும் மாப் போடும்போது கால்களில் தேங்கும் தண்ணீர் இன்னொரு காரணம். கால்களுக்குப் பிளாஸ்டிக் கிண்ணம் மாட்டுங்கள். சுவரிலிருந்து 2, 3 இன்ச் தள்ளி வையுங்கள், பின்பக்கம் காற்று போகட்டும்.

துரு பிடித்த இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, 120 நம்பரால் சமப்படுத்தி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, மறுநாள் எனாமல் இரண்டு கை. துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் உள்ளே அரிப்பு தொடரும், ஆறு மாதத்தில் பெயிண்ட் பொருக்காக எழும்பும். பிப்ரவரி முதல் மே வரை இதற்கு நல்ல காலம். மழை மாதங்களில் தொட வேண்டாம்.

அலமாரியைத் திறந்தாலே பூஞ்சை வாடை. துணியிலும் கறுப்புப் புள்ளி. என்ன செய்வது?

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த பாலித்தீன் தாளை அலமாரியின் பின்சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் முத்து கோத்திருந்தால் சுவர் கசிகிறது. பின்னால் பாத்ரூம் குழாயோ, மாடித் தண்ணீரோ, வெளிச்சுவர் விரிசலோ இருக்கும், அதைச் சரிசெய்யாமல் உள்ளே என்ன வைத்தாலும் வீண். தாளின் வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் காற்றோட்டக் குறைவு.

காற்றோட்டக் குறைவு என்றால் கதவின் மேலும் கீழும் ஒரு இன்ச் விட்டத்தில் நான்கைந்து துளைகள் போடுங்கள், உள்பக்கம் கொசுவலை ஒட்டுங்கள். வெயில் உள்ள நாளில் வாரம் ஒருமுறை கதவை இரண்டு மணி நேரம் திறந்து ஃபேன் போடுங்கள். அயர்ன் செய்த துணியைச் சூட்டோடு உள்ளே வைக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்த நீராவி உள்ளேயே அடைபடும்.

ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் பலவற்றில் இருப்பது கால்சியம் குளோரைடு. நன்றாக வேலை செய்யும், ஆனால் அடியில் சேரும் நீர் உப்புக் கரைசல். கொட்டினால் பீரோ தகடு அரிக்கும், ஜரிகை கெடும். ஆகவே கீழ்த்தட்டில், ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல் மட்டும் வையுங்கள். இரும்பு பீரோவுக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் பாதுகாப்பானது. அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிட்டு உலர்த்துவதைக் கட்டாயம் தவிருங்கள், துணி தொட்டால் தீப்பிடிக்கும்.

பட்டுப்புடவையை எப்படி வைப்பது? அந்துருண்டை போடலாமா?

கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். துவைத்துக் கஞ்சி போன பருத்தித் துணியில், பழைய வேட்டி உத்தமம், தனித்தனியாகச் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் உதறி, மடிப்பு மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும்.

அந்துருண்டை பட்டுத் துணியையோ ஜரிகையையோ தொடக் கூடாது. துணியில் முடிந்து அலமாரி மூலையில் தொங்கவிடலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. நாப்தலீன் வாடை ஏறிய துணியும் போர்வையும், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். அந்தக் குறைபாடு குழந்தையைப் பார்த்தால் தெரியாது. நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். பச்சை இலை வைத்தால் அதுவே பூஞ்சைக்கு வழி.

பரணில் எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பரண், முன் விளிம்பில் தாங்கல் இல்லாதது. கனமான அண்டா, பித்தளைப் பாத்திரம் சுவர் ஓரத்திலும், லேசானவை முன்னாலும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர்: எடுக்கச் சுலபமென்று கனமானதை விளிம்பில் வைப்பார்கள். அரிசி மூட்டை, புத்தக மூட்டை, தண்ணீர் டிரம் ஆகியவை பரணுக்கு ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை நினைவில் வையுங்கள். பரண் சுவரோடு சேரும் மேல்பக்கக் கோட்டில் விரிசல் தெரிந்தால் முதலில் காலி செய்யுங்கள், பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

கொலு பொம்மைகளைப் பழைய புடவைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். காகித மாஷ் பொம்மைக்குச் செய்தித்தாள் நேரடியாகச் சுற்றினால் ஈர நாட்களில் மை ஒட்டும். பெட்டியின் முன்பக்கத்தில், கீழே நின்றே படிக்கும் அளவு பெரிய எழுத்தில் உள்ளே இருப்பதை எழுதுங்கள். ஏறுவதற்கு ஏணி வேண்டும். ஸ்டூல் மேல் ஸ்டூல் வேண்டாம்.

ஒரே ரூம், ஒரு ஹால். புதிதாக எங்கே இடம் கண்டுபிடிப்பது?

கட்டிலுக்குக் கீழே. 6 × 4 அடிக் கட்டிலின் அடியில் 12 இன்ச் உயரம் இருந்தால் 24 கன அடி. ஒரு முழு பீரோவின் கொள்ளளவு சுமார் 31 கன அடி. முக்கால் பீரோ கட்டிலுக்கடியில் காலியாகக் கிடக்கிறது. மூடியுள்ள, சக்கரம் வைத்த பெட்டிகளாக வைத்தால் பெருக்கும்போது இழுக்கலாம். தரையோடு ஒட்டி நிற்கும் பாக்ஸ் கட்டிலைத் தரைத்தளத்தில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அடியில் காற்று போகாது, ப்ளைவுட் ஓதம் குடிக்கும். குறைந்தது 4 இன்ச் கால் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது வாசல் நிலைக்கு மேலே. 7 அடி உயரத்தில் 10 இன்ச் அகலப் பலகை அறையைச் சுற்றி ஓடினால் தலையில் இடிக்காது, வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் லேசான சாமானெல்லாம் ஏறிவிடும். கதவுக்குப் பின்னால் பை, குடை, ஹெல்மெட் தொங்கலாம்.

வாரியம் கட்டிய குடியிருப்பில் சுவரைக் குடைந்து அலமாரி எடுக்கவே கூடாது. பல பிளாக்குகளில் பாரம் தாங்குவது அந்தச் சுவர்தான். மேல்மாடிக் குடும்பங்களின் உயிரும் அதில் இருக்கிறது.

மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும் தெரு. அலமாரியை எப்படித் திட்டமிடுவது?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வந்த தண்ணீரின் கறை சுவரில் இன்னும் தெரிந்தால் அதிலிருந்து அளவைத் தொடங்குங்கள். கறைக்கு மேலே 6 இன்ச் கூட்டி, பென்சிலால் அறை முழுக்க ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே எவர்சில்வர், குடம், பிளாஸ்டிக் டிரம் போன்ற நனைந்தாலும் கழுவி எடுக்கக்கூடியவை மட்டும். துணி, மெத்தை, புத்தகம், மளிகை, மிக்சி எல்லாம் மேலே. மிக்ஜாமின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த துணியை மீட்பது மிகக் கடினம்.

கோட்டுக்குக் கீழே வரும் தட்டுகளுக்கு ப்ளைவுட் வேண்டாம், கடப்பா கல் அல்லது அலுமினியம் போடுங்கள். பீரோவை 4 இன்ச் சாலிட் பிளாக் மேல் நிறுத்தலாம். 8 இன்ச் வரை போனால் மேல்பகுதியை எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது முன்னால் சாயும். அக்டோபர் வந்ததும் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள். உள்ளே நெருக்கி அடுக்கிய துணி நீரில் ஊறி உப்பினால் கதவு இறுகி, அவசரத்துக்குத் திறக்காது.

ரேஷன் கார்டு, பத்திரம், சர்டிஃபிகேட் எல்லாம் இரண்டு ஜிப் கவருக்குள், மேல்தட்டில், ஒரே பையில். கிளம்பும்போது அந்தப் பையை மட்டும் எடுத்தால் போதும் என்கிற நிலை வேண்டும். டிஜிலாக்கரிலும் ஏற்றி வையுங்கள்.

சுவரில் ஸ்க்ரூ நிற்கவில்லை, பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. ஏன்?

துளையிலிருந்து வரும் தூளின் நிறம் பதில் சொல்லும். சிவப்புத் தூள் என்றால் செங்கல், நல்ல பிடிப்பு. சாம்பல் தூள் தொடர்ந்து வந்தால் கல்லுக்கு நடுவே உள்ள சிமெண்டில் போகிறது, இரண்டு இன்ச் தள்ளிப் போடுங்கள். வெள்ளையாக மணலோடு உதிர்ந்தால் பழைய சுண்ணாம்புக் காரை. அங்கே பிளாஸ்டிக் பிளக் நிற்காது. அந்தச் சுவரில் தொங்கும் ஷெல்ஃப் ஆசையை விட்டுவிட்டு, தரையில் நிற்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் (துளையுள்ள இரும்புச் சட்டங்களை போல்ட் போட்டு இணைக்கும் அடுக்கு) வாங்குங்கள்.

செங்கல் சுவருக்கு 8 எம்.எம். பிட், 8 எம்.எம். பிளக், 2 இன்ச்சுக்குக் குறையாத ஆழம். மேல்பூச்சு மட்டுமே அரை இன்ச்சுக்கு மேல் இருக்கும், அதற்குள் நிற்கும் பிளக் எதையும் தாங்காது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைக்காதீர்கள், ஒயர் பைப் அந்த வழியாகத்தான் போகும்.

புதிதாக கப்போர்டு செய்யப் போகிறோம். என்ன ப்ளைவுட்?

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஷீட்டில் ஐ.எஸ். நம்பர் (இந்தியத் தர எண்) அச்சிட்டிருக்கும். 303 என்பது பொது உபயோகத்துக்கானது, அதில் எம்.ஆர். தரம் லேசான ஈரத்தை மட்டும் தாங்கும். 710 என்பது மரைன் ப்ளை. தரைத்தளத்துக்கும், பாத்ரூம் சுவரை ஒட்டிய கப்போர்டுக்கும் 710-தான். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு இந்தக் காற்றில் ஊதிப்போய், ஸ்க்ரூ பிடிப்பு விட்டு, கதவு கையோடு வரும்.

7 அடி உயரம், 4 அடி அகலம், 2 அடி ஆழம், நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பாதியில் நான்கு தட்டு, மறுபாதியில் ஹேங்கர் கம்பி என்றால் 18 எம்.எம். 8 × 4 ஷீட் நான்கும், பின்பலகைக்கு 6 எம்.எம். ஷீட் ஒன்றும் போதும். பின்பலகை இல்லாமல் சுவரையே முதுகாக விடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அரை இன்ச் இடைவெளி விட்டு பலகை அடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்புக்கும் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தண்ணீர் ஏறுவது அங்கேதான். 7 அடிக் கதவுக்கு நான்கு கீல், எல்லாம் 304 தர எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). புடவை மடித்துத் தொங்க 30 இன்ச், சட்டைக்கு 40 இன்ச் உயரம் விடுங்கள்.

கிச்சனில் சிலிண்டரும் குடங்களும்தான் இடத்தை அடைக்கின்றன.

சிலிண்டரை மேடைக்கடியில் கதவு போட்டு மறைப்பதென்றால் கதவின் அடிப்பக்கம் துளைகள் கட்டாயம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். படுக்க வைக்கக் கூடாது.

நிறைந்த குடம் ஒன்று சுமார் 15 கிலோ. பத்துக் குடம் 150 கிலோ. இரண்டு அடுக்கு இரும்பு ஸ்டாண்ட் செய்து, நிறைந்தவை கீழே, காலியானவை மேலே என்று வைத்தால் தரையில் பாதி இடம் மிச்சம்.

வேண்டாததை எங்கே போடுவது?

இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் எல்லாம் தெருமுனைக் காயலான் கடைக்கு. கட்டக்கூடிய துணியைத் துவைத்து, மடித்து, கேட்டு வாங்குபவரிடம் நேரில் கொடுங்கள். கிழிசலை யாருக்கும் தானம் செய்யாதீர்கள், அது வீடு துடைக்க. பழைய சோஃபா, மெத்தைக்கு மாநகராட்சியின் 1913-ல் கூப்பிட்டுக் கேளுங்கள். போகிக்கு டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எரிக்க வேண்டாம். அந்தப் புகையை மூச்சிழுப்பது பக்கத்து வீட்டுக் குழந்தைதான். குப்பைத் தொட்டியில் வீசுவதும் எங்கோ மறைந்துவிடுவதில்லை, கொடுங்கையூர்க் கிடங்குக்குப் போகிறது, அதைச் சுற்றியும் நம் ஜனங்கள்தான் குடியிருக்கிறார்கள். அதனால் பிரித்துக் கொடுங்கள். பேட்டரி, சார்ஜர், டியூப் லைட்டைத் தனிப் பையில் கட்டி, என்னவென்று சொல்லியே கொடுங்கள்.

வாடகை வீடு. ஓனர் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்கிறார்.

மேலே சொன்ன பலகை மேடை, கட்டிலடிப் பெட்டி, ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் மூன்றுக்கும் ஆணி வேண்டாம். 7 அடி உயரம், 3 அடி அகலம், ஐந்து தட்டு ரேக் ஒன்றுக்கு நான்கு ஆங்கிள், ஐந்து ஷீட், தட்டுக்கு எட்டாக 40 போல்ட்-நட், மூலைக்கு முக்கோணத் தகடு கேட்டு வாங்குங்கள். மூலைத் தகடு போடாத ரேக் ஆடும். கதவுக்குப் பதில் முன்னால் பழைய காட்டன் புடவையைத் திரையாகக் கட்டுங்கள், தூசி படாது, காற்றும் போகும். ஒட்டுப் பசை ஹூக் டைல்ஸ் மேல் நிற்கும், சுண்ணாம்பு அடித்த சுவரில் பெயிண்டோடு உரிந்து வரும்.